ஒளிக்குக் கொடுத்த உரிமம், ஒலிக்கும் நிலையம்: வாஷிங்டன் 87.7

தமிழில் ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். லி போய் ளி வந்தால் வானொலி தொலைக்காட்சி ஆகிவிடும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு நிலையம் அந்த ஓரெழுத்து இடைவெளிக்குள்தான் உயிர் வாழ்கிறது.

அந்த நகரத்தின் புறநகர்ச் சாலைகளில் கார் ஓட்டுகிறவர் வானொலியின் முள்ளை இடது கோடிக்குத் தள்ளிக்கொண்டே போனால், வழக்கமான நிலையங்கள் எல்லாம் முடிந்த பிறகு, 88-க்கும் கீழே, 87.7 என்ற இடத்தில் ஸ்பானியப் பாட்டு கேட்கும். ‘லா நுயேவா 87.7’ என்று பெயர் சொல்வார்கள். ‘புதியது’ என்று பொருள். பாட்டு, பேச்சு, விளம்பரம் என்று மற்றப் பண்பலை நிலையங்களில் இருப்பதெல்லாம் இங்கும் உண்டு. ஆனால் அரசுப் பதிவேட்டில் இது வானொலி நிலையமாக இல்லை. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் நகருக்கு உரிமம் பெற்ற, டபிள்யூடிசிஎன் என்ற அழைப்புக் குறியுடைய, ஆறாம் அலைவரிசையில் இயங்கும் குறைதிறன் தொலைக்காட்சி நிலையம் என்றுதான் அது பதிவாகியிருக்கிறது.

இது ஏமாற்றா, திறமையா, விபத்தா என்று கேட்டால் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஒரு பெருநகரத்தில் சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் வானொலிக்காக எந்த வாசலைத் தட்ட முடிந்தது, எது அவர்களுக்கு மூடியே இருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வை நான் பார்த்ததில்லை.

1945-இல் போட்ட வரப்பு

வயலைப் பங்கு பிரிக்கிறபோது வரப்பு எங்கே விழுகிறதோ, அதை வைத்துத்தான் பின்னாளில் எல்லா வழக்கும் வரும். இங்கேயும் அப்படித்தான்.

1945-இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி, பண்பலை வானொலியை அதுவரை இருந்த 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து கிளப்பி, 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் புதிய பட்டைக்கு அனுப்பியது. அந்தப் பட்டைக்குச் சற்றுக் கீழே, 82 முதல் 88 வரையுள்ள 6 மெகாஹெர்ட்ஸ் துண்டு தொலைக்காட்சியின் ஆறாம் அலைவரிசைக்குப் போனது. இரண்டு சேவைகளும் ஒரே வரப்பின் இரு பக்கத்தில் உட்கார்ந்தன.

அதற்கு நாலு வருடம் முன்பே இன்னொரு முடிவும் ஆகியிருந்தது. 1941-இல் வகுத்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தரத்தின்படி படம் வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏஎம் முறை) போகும், ஒலி அதிர்வெண் பண்பேற்றத்தில் (எஃப்எம் முறை) போகும். பண்பலை வானொலி வேலை செய்வதும் அதே அதிர்வெண் பண்பேற்றத்தில்தான். ஒவ்வோர் அலைவரிசையிலும் படத்தைச் சுமக்கும் ஊர்தி அலை கீழ் எல்லையிலிருந்து 1.25 மெகாஹெர்ட்ஸ் மேலே நிற்கும். அதிலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலியைச் சுமக்கும் அலை நிற்கும். ஆறாம் அலைவரிசைக்குக் கணக்குப் போட்டால் படம் 83.25-இல், ஒலி 87.75-இல் வரும்.

அதாவது, ஆறாம் அலைவரிசையின் ஒலி வானொலிப் பட்டையின் வாசலுக்குக் கால் மெகாஹெர்ட்ஸ் முன்னால், வானொலிப் பெட்டிக்குப் புரிகிற அதே பாஷையில் பேசிக்கொண்டு நின்றது. அமெரிக்க வானொலிப் பெட்டிகள் பலவும் 87.5 அல்லது 87.7 வரை கீழே இறங்கும். 87.7-க்கும் 87.75-க்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பெட்டி பொருட்படுத்தாது. பிலடெல்பியாவில் டபிள்யூபிவிஐ போன்ற முழுத்திறன் ஆறாம் அலைவரிசை நிலையங்களின் செய்தியை ஜனங்கள் பல வருடங்கள் காரில் 87.7-இல் கேட்டுக்கொண்டு போனார்கள். யாரும் திட்டமிட்டுத் தந்த வசதி இல்லை. வரப்பு அங்கே விழுந்ததால் கிடைத்தது.

குறைகளும் இருந்தன. பண்பலை வானொலியில் ஒலிக்கேற்ப அலை இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகலாம். தொலைக்காட்சி ஒலிக்கு 25 கிலோஹெர்ட்ஸ்தான். அதனால் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டால் 87.7-இன் சத்தம் அமுங்கிக் கேட்கும். இரட்டை ஒலிக்கான (ஸ்டீரியோ) அடையாளச் சைகையும் வேறு. வானொலிப் பெட்டி 19 கிலோஹெர்ட்ஸில் தேடும்; தொலைக்காட்சி அதை ஏறக்குறைய 15.7 கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கும். ஆகவே தொலைக்காட்சியின் இரட்டை ஒலி வானொலியில் ஒற்றை ஒலியாகத்தான் விழும். பின்னாளில் வானொலியாகவே நடத்த வந்தவர்கள் இந்த இரண்டு சிக்கலோடும் நிறைய மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நேர் வழி ஏன் மூடியிருந்தது

ஸ்பானிய வானொலி நடத்த வேண்டுமென்றால் பண்பலை உரிமம் ஒன்றை வாங்க வேண்டியதுதானே? இந்தக் கேள்விதான் முழு நிகழ்வுக்கும் அச்சாணி.

வாஷிங்டன் மாதிரிப் பெருநகரத்தில் புதிய வணிகப் பண்பலை அலைவரிசை கிடைக்காது. 88 முதல் 108 வரை எல்லா இடமும் எப்போதோ நிரம்பிவிட்டது. இருக்கிற உரிமத்தை விலைக்கு வாங்கலாம். அது கோடிக்கணக்கான டாலர் சமாசாரம், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது. இந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2005 ஜனவரியில் 99.1-இல் பல வருடங்களாக ராக் இசை போட்டுவந்த டபிள்யூஎச்எஃப்எஸ் நிலையத்தை அதன் உரிமையாளரான பெரிய நிறுவனம் ஒரே நாளில் ‘எல் சோல்’ என்ற ஸ்பானிய நிலையமாக மாற்றியது. பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் ஸ்பானிய மொழிக்கு அவ்வளவு கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்குக்குத் தெரிந்திருந்தது. கைவசம் பண்பலை உரிமம் வைத்திருந்தவர்களால் அந்தக் கணக்கைச் செயலாக்க முடிந்தது. உரிமம் இல்லாத சிறிய முதலாளிகளுக்குப் பெரும்பாலும் ஏஎம் பட்டைதான் மிச்சம். அதிலும் பல நிலையங்கள் பொழுது சாய்ந்தால் திறனைக் குறைக்கவோ மூடவோ வேண்டியவை.

2000-ஆம் ஆண்டில் எஃப்.சி.சி குறைதிறன் பண்பலை என்ற சேவையைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் 100 வாட் திறன், 30 மீட்டர் உயரத்துக்கு ஈடான வீச்சு, ஐந்தாறு கிலோமீட்டர் எட்டினால் அதிகம். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும், விளம்பரம் விற்கக் கூடாது. ஒரு தேவாலயமோ பள்ளியோ நடத்தலாம். ஒரு மாநகரம் முழுக்கப் பரவிக் கிடக்கும் தொழிலாளர்களுக்கு, மளிகைக் கடை விளம்பரத்தை வைத்துப் பிழைக்கும் வானொலியை அந்த ஏற்பாட்டில் நடத்த முடியாது.

இதைக் குறைதிறன் தொலைக்காட்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1982-இல் பிறந்த இந்தச் சேவையில் ஆறாம் அலைவரிசைக்கு 3,000 வாட் வரை அனுமதி. விளம்பரம் தாராளமாக விற்கலாம். தினமும் இத்தனை மணி நேரம் நிகழ்ச்சி தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமத்தின் விலையும் பண்பலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பெயர் குறைதிறனாக இருந்தாலும், வானொலிக் கண்ணால் பார்த்தால் குறைதிறன் பண்பலையைவிட இது எங்கோ உயரத்தில் இருந்தது. விலை மலிவாக இருந்ததற்கும் காரணம் உண்டு: இது இரண்டாம் தரச் சேவை. முழுத்திறன் நிலையம் எதற்காவது இடம் வேண்டுமென்றால் இது எழுந்து வழிவிட வேண்டும். அதன் குறுக்கீட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஆறாம் அலைவரிசை தொலைக்காட்சிக்காரர்கள் விரும்பாத இடம். பெரிய ஆண்டெனா வேண்டும், மின் இரைச்சல் அதிகம்.

ஆக, தொலைக்காட்சிக்கு வேண்டாத மூலையும் வானொலிக்கு விலைமதிப்பற்ற மூலையும் ஒன்றாகவே இருந்தன. இதை முதலில் கண்டவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது: ‘ஃபிராங்கன் எஃப்எம்’. ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் வரும், பல உடல்களின் துண்டுகளைத் தைத்து உருவாக்கிய உயிர் மாதிரி, தொலைக்காட்சியின் உடம்பில் வானொலியின் குரலைத் தைத்தது என்ற அர்த்தத்தில் துறைக்காரர்கள் வைத்த பெயர். எனக்கு இந்தப் பெயர் பிடிப்பதில்லை. அந்த நிலையத்தைக் கேட்பவர் எவருக்கும் அது அரக்கனாகத் தெரிந்ததில்லை. எஃப்.சி.சி தன் ஆவணங்களில் ‘எஃப்எம்6’ என்கிறது. அதுவே போதும்.

கேட்கிறவர்கள்

வாஷிங்டன் வட்டாரத்து லத்தீன் அமெரிக்கர்களில் மிகப் பெரிய பிரிவு எல் சால்வடோர்க்காரர்கள். மெக்சிகோக்காரர்கள் முதலிடத்தில் இருக்கும் மற்ற அமெரிக்க நகரங்களிலிருந்து இந்த ஊர் வேறுபடுவது இதில்தான். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர் அவர்களைத் துரத்தியது. நாட்டின் கிழக்கில் உள்ள இன்டிபுகா என்ற சிற்றூரிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வாஷிங்டனுக்கு வந்த கதை பிரபலம். அலெக்சாண்ட்ரியாவில் ஆர்லாண்ட்ரியா என்ற பகுதியை அங்கு வாழ்பவர்கள் சிரிலாகுவா என்றே அழைக்கிறார்கள். அது அவர்கள் விட்டு வந்த ஊரின் பெயர். அவர்கள் குடியிருக்கும் மற்றப் பகுதிகள் மேரிலாந்துப் பக்கம் லாங்லி பார்க், வீட்டன். வர்ஜீனியாப் பக்கம் கல்மோர். வடக்கு வர்ஜீனியாவில் பொலிவியாக்காரர்களும் கணிசமாக உண்டு.

போருக்குப் பயந்து ஊரைவிட்டு வந்து, கூலி வேலை செய்து, விட்டு வந்த ஊரின் பெயரைப் புது இடத்துக்கு வைத்து வாழ்கிறவர்களைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாழ்க்கையில் வானொலி என்றால் என்ன என்பதையும்தான்.

கட்டட வேலை, சமையலறை வேலை, அலுவலகங்களை இரவில் சுத்தம் செய்யும் வேலை. இதில் எதையும் திரையைப் பார்த்துக்கொண்டு செய்ய முடியாது. கை வேலை செய்யும்போது காது மட்டும்தான் சும்மா இருக்கும். வேலைக்குப் போகும் வண்டியில் ஐந்தாறு பேருக்கு ஒரே வானொலி. அதில் வரும் பாட்டு மட்டும் முக்கியமில்லை. குடியேற்ற வழக்கறிஞர் எங்கே கிடைப்பார், ஊருக்குப் பணம் அனுப்ப எந்தக் கடை, பனி பெய்தால் பள்ளி உண்டா இல்லையா என்பதெல்லாம் தாய்மொழியில் வர வேண்டும். 1991 மே மாதம் மவுண்ட் பிளசண்ட் பகுதியில் சால்வடோர் நாட்டு இளைஞர் ஒருவரைக் காவல்துறை சுட்டதையடுத்துக் கலவரம் வெடித்தபோது, நகர நிர்வாகத்துக்கும் அங்கே வாழ்ந்தவர்களுக்கும் நடுவே பேசக்கூடப் பொதுமொழி இல்லாதது அம்பலமானது. அந்த வெற்றிடத்தை ஸ்பானிய மொழி ஊடகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பின. 87.7 அதில் ஒரு செங்கல். பெரிய செங்கல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 88-க்குக் கீழே கிடைத்த செங்கல்.

இதே அடுப்பில் மற்ற ஊர்களில் வேறு சமையல் நடந்தது. நியூயார்க்கில் டபிள்யூஎன்ஒய்இசட் 2008-இல் ‘பல்ஸ் 87’ என்ற பெயரில் நடன இசை போட்டது, அடுத்த வருடமே அது நின்றது. பின்னர் அந்த இடத்தில் கொரிய மொழி வந்தது. சிகாகோவில் ஜாஸ், ராக், விளையாட்டுப் பேச்சு என்று பலவற்றை முயன்று பார்த்துவிட்டு, 2015 பிப்ரவரியிலிருந்து ‘மீடிவி எஃப்எம்’ என்ற பெயரில் பழைய பாட்டுகளில் நிலைத்தார்கள். டென்வர் நிலையம் வாஷிங்டனைப் போலவே ஸ்பானிய மொழிக்குப் போனது. பெரிய பண்பலைக்காரர்கள் லாபமில்லை என்று ஒதுக்கிய கேட்போர் கூட்டங்கள்தான் பல ஊர்களில் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தன.

திரையில் என்ன போனது

சரி, தொலைக்காட்சி உரிமம் என்றால் படமும் போயாக வேண்டும் அல்லவா? போனது. பாட்டு ஓடும்போது நிலையத்தின் பெயர்ப் பலகை, இயற்கைக் காட்சி, ஒலிபரப்பு அறையில் வைத்த கேமரா என்று ஊருக்கு ஊர் ஏதோ ஒன்று. யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்து அனுப்பியதில்லை.

எதிர்ப்பவர்கள் பிடித்த இடமும் இதுதான். பொதுச் சொத்தான அலைவரிசையில் 6 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டு, அதில் ஓரத்துக் கால் மெகாஹெர்ட்ஸை மட்டும் உண்மையாகப் பயன்படுத்துகிறார்கள், மிச்சத்தில் வெறும் படத்தை நிரப்புகிறார்கள் என்றார்கள். குற்றச்சாட்டு நியாயமானது, மறுக்க முடியாது. 88 முதல் 92 வரை அமெரிக்காவில் லாப நோக்கற்ற, கல்வி சார்ந்த வானொலிகளுக்கு ஒதுக்கிய பகுதி. வரப்பின் அந்தப் பக்கத்தில் ஆறாம் அலைவரிசை நிலையம் இருக்கிறது என்பதற்காக அவர்கள் திறனையும் கோபுர இடத்தையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று பல வருடங்களாகவே விதி உண்டு. தொலைக்காட்சிப் படத்தைக் காப்பாற்றுவதற்காக வந்த விதியால் கட்டுண்டவர்கள், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதும் ஒரு வானொலிதான் என்று தெரிந்தால் கோபப்படாமல் என்ன செய்வார்கள்? தேசியப் பொது வானொலி அமைப்பான என்பிஆர் எதிர்த்ததை நான் அந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன்.

என்றாலும், அந்த வாதம் இந்த நிலையங்களை மூட வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகாது. அந்த ஓரத்தை வானொலிக்கே முறையாகத் திறந்துவிட வேண்டும் என்பதற்குத்தான் அது காரணம் ஆகும். என்பிஆர் அமைப்பே பின்னால் ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்தது: ஆறாம் அலைவரிசை காலியாக உள்ள ஊர்களில் அந்தப் பட்டையைப் புதிய பண்பலை நிலையங்களுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது.

2021 ஜூலை 13

அனலாக் ஒளிபரப்பு இருக்கிற வரைக்கும்தான் 87.75-இல் தனியாக ஓர் ஒலி அலை இருக்கும். அமெரிக்காவின் டிஜிட்டல் தரத்தில் படம், ஒலி எல்லாம் எண்களாகக் கலந்து 6 மெகாஹெர்ட்ஸ் முழுக்கப் பரவிவிடும். வானொலிப் பெட்டியில் அது வெறும் இரைச்சல்.

முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக்கை நிறுத்தின. பிலடெல்பியாக்காரர்கள் காரில் செய்தி கேட்ட பழக்கம் அன்றோடு முடிந்தது. குறைதிறன் நிலையங்களுக்குத் தவணை கிடைத்தது. முதலில் 2015 செப்டம்பர் 1 என்று நாள் குறித்தார்கள். ஆனால் தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஒரு பகுதியைக் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் விடும் பெரிய வேலை குறுக்கே வந்தது. ஏலத்துக்குப் பிறகு எந்த அலைவரிசை யாருக்கு என்பதே மாறும் என்ற நிலையில், சின்ன நிலையங்களை இப்போதே செலவு செய்யச் சொல்வது நியாயமில்லை என்று 2015 ஏப்ரலில் அந்த நாளைத் தள்ளிவைத்தார்கள். 2017-இல் முடிந்த அந்த ஏலத்தில் 1,980 கோடி டாலர் திரண்டது. அந்தப் பெரிய பணத்தின் நிழலில் 87.7 நிலையங்களுக்கு ஆறு வருட ஆயுள் நீடித்தது. கடைசியில் நின்ற நாள் 2021 ஜூலை 13.

இதற்கு நடுவே எஃப்.சி.சி என்ன செய்துகொண்டிருந்தது? 2014-இல் ‘டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் இவர்கள் அனலாக் ஒலியைத் தொடரலாமா?’ என்று கருத்துக் கேட்டது. முடிவு எடுக்கவில்லை. 2019 டிசம்பரில் மறுபடி கருத்துக் கேட்டது. மறுபடியும் முடிவு இல்லை. வேலைக்கு ஆள் வைத்து, விளம்பரத்துக்கு ஒப்பந்தம் போட்டு நடத்தும் ஒருவருக்கு, அடுத்த வருடம் தன் நிலையம் இருக்குமா என்று தெரியாமல் ஏழு வருடம் ஓட்டுவது எப்படி இருந்திருக்கும்! இந்த நிகழ்வில் ஆணையத்தை நான் குறை சொல்வது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால்கூட அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள்.

அரை மெகாஹெர்ட்ஸ் மிச்சம்

விடை சட்டத்திலிருந்து வரவில்லை. பொறியியலிலிருந்து வந்தது.

2017 நவம்பரில் எஃப்.சி.சி ‘ஏடிஎஸ்சி 3.0’ என்ற புதிய டிஜிட்டல் தொலைக்காட்சித் தரத்தை, விரும்புகிறவர்கள் பயன்படுத்தலாம் என்று அனுமதித்திருந்தது. பழைய டிஜிட்டல் தரத்தில் 6 மெகாஹெர்ட்ஸும் ஒரே முரட்டுத் துண்டு, குறைக்க முடியாது. புதிய தரம் ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய பாய் மாதிரி. ஓரத்துக் கோரைகளைக் கொஞ்சம் உருவி எடுத்தாலும் பாய் பாயாகவே இருக்கும். அப்படி உருவினால் மொத்த அகலத்தை ஏறத்தாழ 5.5 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்கலாம். சுருக்கியதைக் கீழ்ப்பக்கமாக நகர்த்தி வைத்தால் மேல் ஓரத்தில் அரை மெகாஹெர்ட்ஸ் காலியாகும். அந்த இடம் 87.5-இலிருந்து 88 வரை. அதன் நட்ட நடுவில் 87.75.

அங்கே ஓர் அனலாக் பண்பலை அலையை வைத்தால் என்ன? அதே அலைவரிசையில் கீழே டிஜிட்டல் தொலைக்காட்சி, மேலே வானொலி. சட்டப்படி தொலைக்காட்சியும் உண்டு, கேட்கிறவருக்கு வானொலியும் உண்டு. குறைதிறன் நிலையங்களுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. முழுத்திறன் நிலையங்கள் புதிய தரத்துக்குப் போனால் பழைய தரத்திலும் சேர்த்து ஒளிபரப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். இவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நேராகத் தாவலாம்.

2021 ஜூனில், கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது, கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள கேபிகேஎஃப் நிலையத்துக்கு இந்த முறையில் இயங்கச் சிறப்புத் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய அனுமதி. குறுக்கீடு உண்டா என்று அறிக்கையும் தர வேண்டும். அந்த வழியே மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். வாஷிங்டன் நிலையமும் வந்தது. அழைப்புக் குறியின் வாலில் அனலாக்கைக் காட்டும் எல்பி போய், டிஜிட்டலைக் காட்டும் எல்டி வந்தது. 87.7-இல் பாட்டு தொடர்ந்தது.

எஃப்.சி.சி-யின் தலைமையகம் வாஷிங்டனில்தான் இருக்கிறது. ஆணையத்தின் ஊழியர் எவரும் வீட்டுக்குப் போகும் வழியில் கார் வானொலியைக் கீழ்க் கோடிக்குத் திருப்பி, தாங்கள் முடிவு செய்ய வேண்டிய வழக்கைத் தங்கள் காதாலேயே கேட்டிருக்கலாம். எத்தனை பேர் கேட்டார்களோ.

பதினான்கு

2022 ஜூன் 7 அன்று ஆணையம் விதி முன்மொழிவை வெளியிட்டது. 2023 ஜூலையில் முடிவு வந்தது. தொடரலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு.

முன்மொழிவு வெளியான நாளில் தற்காலிக அனுமதியோடு இயங்கிக்கொண்டிருந்த நிலையங்களுக்கு மட்டுமே இந்த உரிமை. அப்படி எண்ணினால் நாடு முழுவதிலும் 14. வாஷிங்டன், நியூயார்க், சிகாகோ, அட்லாண்டா, டென்வர், லாஸ் வேகஸ், சாக்ரமென்டோ, சான் ஹோசே ஆகியவை அதில் அடக்கம். பதினைந்தாவது ஒருவருக்கு இடமில்லை. அனலாக் ஒலி 87.75-இல்தான் இருக்க வேண்டும். யாருக்கும் குறுக்கீடு தரக் கூடாது. வானொலி எட்டும் பரப்பும் தொலைக்காட்சி எட்டும் பரப்பும் ஒத்திருக்க வேண்டும். கீழே ஓடும் தொலைக்காட்சி வெறும் ஒப்புக்கு இருக்கக் கூடாது: படமும் ஒலியும் பொருந்திய ஒரு நிகழ்ச்சி ஓடையாவது இலவசமாக, முழு நேரமும் கிடைக்க வேண்டும். சட்டக் கண்ணில் இந்த வானொலி, தொலைக்காட்சி உரிமத்தோடு ஒட்டிய துணைச் சேவை. ஆகவே விளம்பர வருமானம் தவிர்த்து, நேரத்தை வாடகைக்கு விடுவது போன்ற வழியில் மூன்றாம் தரப்பிடமிருந்து வரும் பணத்தில் 5 சதவீதத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆறாம் அலைவரிசைப் பட்டையைப் புதிய பண்பலை நிலையங்களுக்குத் திறக்கும் யோசனையை ஆணையம் ஏற்கவில்லை.

இதில் எது சரி, எது தப்பு என்று சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு அரைகுறை. தொலைக்காட்சி நிகழ்ச்சி நிஜமாக இருக்க வேண்டும் என்றது சரி. பழைய குற்றச்சாட்டுக்கு அதுதான் நேர்மையான பதில். குறுக்கீட்டு நிபந்தனையும் சரி. ஏற்கெனவே வேர் பிடித்த நிலையங்களைப் பிடுங்கக் கூடாது என்றது மிகச் சரி.

பட்டியலை 14-உடன் மூடியதுதான் எனக்கு உறுத்துகிறது. தற்காலிக அனுமதிக்கு விண்ணப்பிக்கப் பொறியாளரும் வழக்கறிஞரும் வேண்டும், புதிய தரத்துக் கருவி வாங்கப் பணம் வேண்டும், அதுவும் 2021-இன் நெருக்கடிக்குள். அதைத் தாண்டியவர்கள் உள்ளே, தாண்ட முடியாதவர்கள் வெளியே. அந்தக் கெடு நாள்வரை அனலாக்கில் பாடிவிட்டு, அன்று இரவு மௌனமாகி, திரும்பி வர வழியில்லாமல் போன நிலையங்களும் உண்டு. அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் இதே மாதிரி வேலை, இதே மாதிரி வண்டி, இதே மாதிரி மொழித் தேவை. நேர் வழி அடைபட்டிருந்ததால்தான் சுற்றுவழி பிறந்தது. நேர் வழியைத் திறக்காமலே சுற்றுவழிக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

கைப்பேசியில் இணையம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தரவுக் கட்டணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவருக்கு, இருபது வருடப் பழைய வண்டியில் போகிறவருக்கு, புயலில் கைப்பேசிக் கோபுரம் விழுந்த இரவில் மாட்டிக்கொண்டவருக்கு, ஒரு முள்ளைத் திருப்பினால் தன் மொழி கேட்பது இன்னும் பெரிய விஷயம்தான்.

பதினான்கில் ஒன்று நாளைக்குக் கடை கட்டினால் அந்த ஊரின் 87.7-க்கு இன்னொருவர் வர முடியாது. இப்போதைக்கு வாஷிங்டனில் அது ஓடுகிறது. 82-இலிருந்து 87.5 வரை, புதிய தரத்துப் பெட்டி வைத்திருக்கும் சிலருக்காக ஒரு தொலைக்காட்சி. அதற்கு மேலே மிஞ்சிய அரை மெகாஹெர்ட்ஸில் லா நுயேவா.